இணையவழிப் பாத்திரமேற்பு விளையாட்டில் துப்பறிகதை: சிறு குழுவுக்கான மிகுபுனைவு ஆட்டத்தின் கட்டமைப்பும் நடத்துமுறையும்

ஆய்வுச்சுருக்கம்

அச்சில் வரும் துப்பறி புதினத்தில் வாசகர் குற்றவாளியைக் கண்டறியத் தவறினாலும் கதை தன் முடிவை அடைந்துவிடும். பாத்திரமேற்பு விளையாட்டில் ஆட்டக்காரர் தவறினால் கதையே நின்றுவிடும். இவ்வேறுபாடு துப்புகளை அமைக்கும் முறையையும் உண்மையைக் காக்கும் பொறுப்பையும் மாற்றிவிடுகிறது. மந்திரங்கள் பலிக்கும் மிகுபுனைவு உலகில், இரண்டு முதல் நான்கு பேர் இணையவழியில் கூடி ஆடும் துப்பறிகதை எவ்வாறு கட்டமைக்கப்படுகிறது, எவ்வாறு நடத்தப்படுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ஆட்டக்காரரின் ஊகம் உண்மையிலேயே அவருடைய ஊகமாக இருக்க வேண்டுமாயின் நடத்துநர் எவற்றைச் செய்யலாம், எவற்றைச் செய்தலாகாது என்பதே இதன் மைய வினா.

திறவுச்சொற்கள்: பாத்திரமேற்பு விளையாட்டு, மிகுபுனைவு, துப்பறிகதை, துப்பு, நடத்துநர், இணையவழி ஆட்டம், விளையாட்டியல்.

முன்னுரை

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் ஆகிய இருவர் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்தது. படைவீரர் பொம்மைகளை மேசைமேல் நிறுத்தி ஆடப்பட்ட போர் விளையாட்டுகளிலிருந்து கிளைத்த இவ்விளையாட்டே இன்று பாத்திரமேற்பு விளையாட்டு என வழங்கும் வகைமைக்குத் தொடக்கம். குழுவில் ஒருவர் நடத்துநராக அமர்ந்து உலகை விவரிப்பார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் செய்ய விரும்புவதைச் சொல்வர். விளைவு உறுதியில்லாத இடங்களில் பகடை முடிவு செய்யும். வேடமும் மேடையும் இதற்குத் தேவையில்லை. நிகழ்வு முழுவதும் பேச்சிலேயே நடந்தேறும்.

தொடக்கத்தில் இவ்விளையாட்டின் களம் நிலவறையும் புதையலும் பூதங்களுமாக இருந்தது. 1981இல் சாண்டி பீட்டர்சன் வடிவமைத்து கேயோசியம் நிறுவனம் வெளியிட்ட ‘கால் ஆஃப் கதூலு’ ஆட்டக்காரரைப் போர்வீரர் நிலையிலிருந்து விலக்கிப் புலனாய்வாளராக்கியது. வாளால் வெல்ல இயலாத ஒன்றை ஆவணங்களையும் சாட்சிகளையும் கொண்டு அறிய முயல்வதே அதன் ஆட்டம். துப்பறிதல் இவ்வகைமைக்குள் நிலையான இடம்பெற்றது இதன்வழியேதான் எனலாம்.

மேசையைச் சுற்றி நிகழ்ந்த ஆட்டம் பின்னர் இணையத்துக்கு இடம்பெயர்ந்தது. ‘ஃபேன்டசி கிரவுண்ட்ஸ்’ (2004), ‘ரோல் 20’ (2012), ‘ஃபவுண்ட்ரி’ (2020) முதலிய மெய்நிகர் மேசைகள் நிலப்படத்தையும் பகடையையும் திரைக்குக் கொணர்ந்தன. 2015இல் தொடங்கப்பட்ட ‘டிஸ்கார்டு’ குரல்வழி உரையாடலுக்கு இடமளித்தது. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்று முடக்கம் அதுவரை நேரில் மட்டுமே ஆடிவந்த பலரையும் இத்தளங்களுக்குக் கொண்டுவந்தது. அப்பழக்கம் முடக்கத்தோடு முடிந்துவிடவில்லை.

கலைச்சொல் குறித்து ஒரு சொல். குற்றத்தைக் கண்டறிய உதவும் தடயத்தையும் தகவலையும் குறிக்கத் ‘துப்பு’ என்னும் சொல்லே இக்கட்டுரையில் ஆளப்படுகிறது. பழந்தமிழில் வலிமை, உணவு, பவளம் என வேறு பொருள்களில் வழங்கிய இச்சொல் இன்றைய பொருளில் நாளிதழ் வாசகர் வரை வேரூன்றிவிட்டது. அதனை விடுத்துப் புதுச்சொல் ஆக்க வேண்டிய தேவை இல்லை.

இரு கதைகளும் அவற்றின் இடைவெளியும்

துப்பறி புதினம் இரண்டு கதைகளைக் கொண்டது என்று ஸ்வெதான் தொடோரோவ் 1966இல் எழுதிய கட்டுரையில் பகுத்துக் காட்டினார். ஒன்று குற்றத்தின் கதை. அது நடந்து முடிந்துவிட்டது, ஆனால் நூலில் நேரடியாக இடம்பெறுவதில்லை. மற்றொன்று புலனாய்வின் கதை. அது நம் கண்முன் நடக்கிறது, ஆனால் அதில் பெரிதாக எதுவும் நிகழ்வதில்லை. இரண்டாவது கதை முதற்கதையை மீட்டெடுப்பதே வாசிப்பின் இன்பம்.

இப்பகுப்பைப் பாத்திரமேற்பு விளையாட்டுக்குப் பொருத்திப் பார்த்தால் ஒரு மாற்றம் புலப்படும். குற்றத்தின் கதை நடத்துநரின் குறிப்பேட்டில் முழுமையாக இருக்கிறது. புலனாய்வின் கதையோ இன்னும் எழுதப்படவே இல்லை. புதின ஆசிரியர் இரண்டையும் தாமே எழுதுவதால், துப்பறிவாளர் சரியான கதவைச் சரியான நேரத்தில் தட்டுமாறு செய்துவிடலாம். நடத்துநருக்கு அவ்வுரிமை இல்லை. ஆட்டக்காரர் அக்கதவைப் பாராமலே கடந்து செல்லலாம். பார்த்தும் பொருட்படுத்தாமல் விடலாம். கதவைத் திறந்து உள்ளிருக்கும் கடிதத்தைப் படித்தபின் நேர்மாறான முடிவுக்கும் வரலாம்.

இதைவிடக் கடினமான சிக்கல் ஒன்றும் உண்டு. வலிமை குன்றிய ஒருவர் மலைபோன்ற மல்லனின் பாத்திரத்தை ஏற்று ஆடுவதில் தடையில்லை. மல்லனின் வலிமை எண்ணாகத் தாளில் இருக்கிறது, பகடை மற்றதைப் பார்த்துக்கொள்ளும். கூர்மதி படைத்த புலனாய்வாளரின் பாத்திரத்தை ஏற்பவருக்கு அந்த வசதி கிடைப்பதில்லை. அறிவுக்கும் எண் உண்டு. ஆயினும் ‘பகடை நன்றாக விழுந்தது, ஆகவே குற்றவாளி இன்னார் எனத் தெரிந்துகொண்டீர்கள்’ என்று நடத்துநர் அறிவித்துவிட்டால் ஆடுவதற்கு எதுவும் எஞ்சாது. கேரி ஆலன் ஃபைன் தமது ‘ஷேர்டு ஃபேன்டசி’ (1983) நூலில், இவ்விளையாட்டில் ஈடுபடுவோர் இயல்பான மனிதர், விதிகளை அறிந்த ஆட்டக்காரர், கதைக்குள் வாழும் பாத்திரம் என மூன்று சட்டகங்களுக்குள் மாறிமாறி இயங்குவதைக் காட்டுகிறார். போர்க்காட்சியில் இம்மூன்றும் தெளிவாகப் பிரிந்து நிற்கும். துப்பறிதலில் இவை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிடுகின்றன. சிந்திப்பவர் பாத்திரமும் அன்று, ஆட்டக்காரரும் அன்று, அந்த மனிதரே.

துப்பின் கணக்கு

கட்டமைப்பை விளக்க ஓர் ஆட்டக்கதையை எடுத்துக்கொள்ளலாம். துறைமுக ஊர் ஒன்றில் கலங்கரை விளக்கக் காப்பாளர் படிக்கட்டின் அடியில் இறந்து கிடக்கிறார். தவறி விழுந்தார் என ஊர் நம்புகிறது. உண்மை வேறு. ஊரின் சுங்க அதிகாரி கடத்தல் கப்பல்களுக்குத் துணைபோகிறவர். வந்துபோகும் கப்பல் ஒவ்வொன்றையும் காப்பாளர் பதிவேட்டில் எழுதிவைப்பது அவருக்கு இடையூறு. எண்ணெய் இருப்பைச் சரிபார்ப்பதாகச் சொல்லி ஒருநாள் பிற்பகல் விளக்கத்துக்கு வந்தவர் இரண்டு செயல்களைச் செய்துவிட்டுப் போகிறார். விளக்குக் கிண்ணத்தில் பாதிக்கு நீரை ஊற்றுகிறார். எண்ணெய் மேலே மிதக்கும், அது எரிந்து தீர்ந்து திரி நீரைத் தொடும் வேளையில் விளக்கு அணையும். அடுத்து, மரப்படி ஒன்றைத் தாங்கும் ஆப்பைப் பிடுங்கிவிடுகிறார். நள்ளிரவில் விளக்கு அணைகிறது. எண்ணெய் எடுக்க இருட்டில் இறங்கிய காப்பாளர் விழுந்து இறக்கிறார். கப்பல் யாரும் காணாமல் கரைசேர்கிறது. மறுநாள் விசாரணைக்கு வரும் அதே அதிகாரி பதிவேட்டின் ஒரு பக்கத்தைக் கிழித்துக்கொள்கிறார்.

இதை அவிழ்க்க ஆட்டக்காரர் மூன்று முடிவுகளை எட்ட வேண்டும்: வீழ்ச்சி விபத்தன்று, அன்றிரவு ஒரு கப்பல் வந்தது, அதற்கு வழிசெய்தவர் சுங்க அதிகாரி. புதின மரபில் பழகிய நடத்துநர் இவற்றுக்கு மூன்று துப்புகளை ஒரு சங்கிலியாகக் கோப்பார். முதல் துப்பு இரண்டாவதன் இடத்தைக் காட்டும், இரண்டாவது மூன்றாவதை.

இச்சங்கிலி எத்துணை மெலிந்தது என்பதைப் பகடைக் கணக்கே காட்டிவிடும். டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பில் (2014) நடுத்தரக் கடினத்தன்மை 15 என்க. ஓரளவு திறன்பெற்ற பாத்திரம் இருபது முகப் பகடையின் எண்ணோடு 5 கூட்டிக்கொள்ளும். பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழவேண்டும். வாய்ப்பு 55 விழுக்காடு. மூன்று துப்புகளும் அடுத்தடுத்துக் கிடைத்தாக வேண்டுமெனில் 0.55ஐ மும்முறை பெருக்க, வாய்ப்பு ஏறத்தாழ 17 விழுக்காடாகச் சுருங்கிவிடும். ஆறு குழுக்களில் ஐந்து, கதையின் முடிவைக் காணாமலே கலையும். கூர்மதி இருந்தும் பயனில்லை; பகடை அவர்களைத் துப்புகளுக்கு அருகிலேயே செல்ல விடாது.

ஜஸ்டின் அலெக்சாண்டர் 2008இல் முன்வைத்த ‘மூன்று துப்பு விதி’ இச்சிக்கலுக்கு விடையாக எழுந்தது. ஆட்டக்காரர் எட்ட வேண்டிய ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று துப்புகள் இருக்க வேண்டும் என்பது அவ்விதி. ஒன்றை அவர்கள் காணாமல் விடுவர், மற்றொன்றைத் தவறாகப் புரிந்துகொள்வர், மூன்றாவது கைகொடுக்கும் என்பது அதன் அடிப்படை. மேற்கண்ட கணக்கில், ஒரு முடிவுக்குரிய மூன்று துப்புகளும் தவறிப்போகும் வாய்ப்பு 9 விழுக்காடுதான். ஏதேனும் ஒன்று கிட்டும் வாய்ப்பு 91 விழுக்காடு. மூன்று முடிவுகளும் எட்டப்படுவதற்கான வாய்ப்பு 75 விழுக்காடாக உயர்கிறது.

நான்கில் ஒரு குழு அப்போதும் தோற்கும். அதுவும் துப்பைத் தேடி அடைந்தபின் பகடையால் இழந்த தோல்வி. ராபின் லாஸ் வடிவமைத்த ‘கம்ஷூ’ ஆட்டமுறை இவ்விடத்தில் பகடையையே விலக்குகிறது. உரிய இடத்தில் உரிய திறனோடு தேடும் பாத்திரத்துக்கு இன்றியமையாத துப்பு கேள்வியின்றிக் கிடைத்துவிடும். துப்பைக் கண்டெடுப்பது ஆட்டமாகாது, கண்டெடுத்ததற்குப் பொருள் காண்பதே ஆட்டம் என்பது அதன் துணிபு. ‘சோர்ட்ஸ் ஆஃப் தி செர்பென்டைன்’ இம்முறையை மிகுபுனைவு நகரம் ஒன்றுக்குள் கொண்டுவந்தது. டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸை ஆடுவோரும் இதனைக் கடன் வாங்கலாம்: துப்பைத் தடையின்றித் தந்துவிட்டு, பகடையைத் துப்போடு வரும் கூடுதல் பயனுக்கும் ஆபத்துக்கும் மட்டும் உருட்டலாம். பூட்டிய பெட்டியைத் திறக்கும் பகடை தவறினால் பெட்டி திறக்காமலிருக்க வேண்டியதில்லை. ஒலி கேட்டுக் காவலர் வருவது போதும்.

கலங்கரை விளக்கக் கதைக்கு இவ்விரு முறைகளையும் சேர்த்தால் துப்புகள் இவ்வாறு பரவும். விபத்தன்று என்பதற்குப் படியில் ஆப்பு பிடுங்கிய தடம், கீழே புதரில் கிடக்கும் ஆப்பு, முதல்நாள்தான் படிகளைச் சரிபார்த்ததாகக் கூறும் தச்சர். கப்பலுக்கு, இருட்டில் பாய்மரத்தின் ஓசை கேட்ட மீனவர், மணலில் பெட்டி இழுத்த தடம், சந்தையில் வரிமுத்திரை இல்லாத பட்டு. அதிகாரிக்கு, கிழிந்த பக்கத்தின் அடியில் இருந்த தாளில் பதிந்த எழுதுகோல் அழுத்தம், அவர் அடுப்பில் அரைகுறையாக எரிந்த காகிதம், பிற்பகல் வருகையை நினைவுகூரும் விளக்க உதவியாளர். இவை ஒன்பதும் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு வகையினவாக இருப்பது முக்கியம். மூன்றும் சாட்சியமாகவே அமைந்தால், சாட்சிகளை நம்பாத ஒரு குழுவிடம் அவை மூன்றும் ஒருசேர வீணாகும். ஆட்டக்காரர் யாரையும் நம்ப மறுப்பது இவ்விளையாட்டில் மிக இயல்பான நிகழ்வு.

மந்திரம் உள்ள உலகில் ஐயம்

ரொனால்ட் நாக்ஸ் 1929இல் துப்பறிகதைக்கு வகுத்த பத்துக் கட்டளைகளுள் ஒன்று இயற்கை கடந்த ஆற்றல்களை விலக்குகிறது. அதற்கு முந்திய ஆண்டில் இருபது விதிகளை எழுதிய எஸ். எஸ். வான் டைனும் அவ்வாறே செய்தார். இருவரின் அச்சமும் ஒன்றே: ஆசிரியர் எந்த நேரத்திலும் ஒரு பேயை அழைத்து முடிச்சை அவிழ்க்க முடியுமானால் வாசகர் சிந்திப்பதில் பொருளில்லை.

மிகுபுனைவு ஆட்டத்தில் இவ்வச்சம் தலைகீழாகிறது. இங்கே பேயை அழைப்பவர் ஆட்டக்காரர். ஐந்தாம் பதிப்பின் விதிகளில் இறந்தவரிடம் பேசும் மந்திரம் மூன்றாம் நிலையைச் சேர்ந்தது. பொய்யைத் தடுக்கும் வட்டமும் பிறர் எண்ணத்தை அறியும் மந்திரமும் இரண்டாம் நிலையின. இறந்து பத்து நாளுக்கு மேற்படாத உடலை எழுப்பும் ஐந்தாம் நிலை மந்திரமும் உண்டு. ஓரளவு வளர்ந்த சமயகுரு பாத்திரம் ஒன்று குழுவில் இருந்தால், கொலைக்கதை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் எனப் புதிய நடத்துநர்கள் அஞ்சுவர். அஞ்சி அவர்கள் செய்வது பெரும்பாலும் ஒன்றே: மந்திரங்களைச் செயலிழக்கச் செய்தல். பிணத்துக்கு நாக்கு அறுக்கப்பட்டிருக்கும். குற்றவாளியிடம் மந்திரத்தைத் தடுக்கும் தாயத்து இருக்கும். ஒருமுறை இது நயம், மறுமுறை ஏமாற்று. ஆட்டக்காரர் தம் பாத்திரத்துக்கென விரும்பித் தேர்ந்த ஆற்றலை, அது பயன்படும் ஒரே களத்தில் பறித்துக்கொள்வது அது.

விதிகளை உற்றுநோக்கினால் இத்தடைகள் தேவையற்றவை என்பது விளங்கும். இறந்தவரிடம் ஐந்து வினாக்களே கேட்கலாம். உயிரோடிருக்கையில் அறிந்தவற்றை மட்டுமே பிணம் அறியும். விடைகள் சுருக்கமாகவும் புதிராகவும் அமையும். கேட்பவரைப் பகைவராகக் கருதினால் உண்மை சொல்ல வேண்டிய கட்டாயமும் அதற்கில்லை. (வேதாளக் கதைகளில் பிணத்துள் இருப்பது வினா எழுப்ப, அரசன் விடையளிப்பான். இங்கு அவ்வுறவு புரண்டு நிற்பது ஒப்பியல் நோக்கில் தனியே ஆராயத்தக்கது.) மெய்வட்டத்துக்குள் பதினைந்து அடி ஆரத்தில் பத்து நிமிடத்துக்குப் பொய் சொல்ல இயலாது, ஆனால் மந்திரத்தை உணர்ந்தவர் விடையைத் தவிர்க்கலாம், மழுப்பலாம்.

ஆகவே குற்றத்தையே இவ்விதிகளுக்கு ஈடுகொடுக்குமாறு வடிவமைப்பது நேர்மையான வழி. காப்பாளரின் பிணம் என்ன சொல்லும்? ‘விளக்கு பொழுதோடு அணைந்தது. எண்ணெய்க்காக இறங்கினேன். படி இல்லை.’ கொன்றவரை அவர் கண்டதில்லை. எனினும் இவ்விடை வெறுமையானதன்று. விளக்கு ஏன் அணைந்தது என்னும் புதிய வினாவை அது தருகிறது, கிண்ணத்தின் அடியில் தேங்கிய நீருக்கு அது வழிகாட்டுகிறது. சுங்க அதிகாரி மெய்வட்டத்துக்குள் அஞ்சாமல் நுழைந்து, ‘அன்றிரவு நான் அங்கே இல்லை, அவரைத் தள்ளவுமில்லை’ என்பார். இரண்டும் மெய். ‘அன்று பிற்பகல் எங்கே இருந்தீர்கள்?’ என்று கேட்கத் தோன்றும் ஆட்டக்காரர் கதையை முடித்துவிடுவார். அவர் அவ்வெற்றிக்கு உரியவரே. மந்திரம் இங்கே சிந்தனையை நீக்காமல், சரியான வினாவைத் தேடும் சிந்தனையாக அதை மாற்றுகிறது.

புதினத்தில் இதற்கு முன்னோடி உண்டு. ராண்டல் காரெட்டின் ‘டூ மெனி மஜீசியன்ஸ்’ (1967) மந்திரவாதிகள் கூடிய மாநாட்டில் பூட்டிய அறைக்குள் ஒரு மந்திரவாதி கொல்லப்படுவதைப் பற்றியது. மந்திரம் அங்கே வரையறுத்த விதிகளுக்கு உட்பட்ட ஒரு துறை. அதனாலேயே வாசகர் சிந்திக்க இடமுண்டு. நாக்ஸ் அஞ்சியது மந்திரத்தைவிட வரம்பின்மையை எனலாம். விதிநூலை ஆட்டக்காரரும் கையில் வைத்திருக்கும் இவ்விளையாட்டு அவ்வரம்பைப் புதினத்தைவிட உறுதியாகவே தருகிறது.

உண்மை யாரிடம் இருக்கிறது

ஆட்டக்காரர் ஒருவர் நடத்துநர் எண்ணியதைவிடச் சிறந்த விடையொன்றை முன்வைக்கிறார். துப்புகள் அனைத்தும் அதற்குப் பொருந்துகின்றன. நடத்துநர் தம் குறிப்பேட்டை ஓசையின்றி மாற்றிக்கொள்ளலாமா?

பிற வகை ஆட்டங்களில் இது பெரிதும் போற்றப்படும் திறன். கதை சுவைபெறும், எவருக்கும் தெரியவராது. துப்பறிகதையில் இது வேறொன்றாகிவிடுகிறது. விடை முன்னரே இருந்தது என்னும் நம்பிக்கையில்தான் ஆட்டக்காரர் மூன்று மாலைப்பொழுதுகளைச் செலவிட்டுச் சாட்சியங்களை ஒப்பிட்டார். விடை அவர் சொன்ன கணத்தில் பிறந்தது எனில் அவர் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தவராக நடித்திருக்கிறார், அதுவும் தாமறியாமல். அவர் அதனை என்றுமே அறியப்போவதில்லை என்பது இவ்வஞ்சனையைக் குறைப்பதாகக் கொள்ள இயலாது.

விடையை முன்கூட்டி வையாமலே நேர்மையாக ஆட வழியுண்டு. ஜேசன் கோர்டோவாவின் ‘பிரிண்டில்வுட் பே’ அத்தகையது. முதிய பெண்மணிகள் சிலர் தம் ஊரின் கொலைகளை ஆராயும் அவ்விளையாட்டில் துப்புகள் உண்டு, ஐயத்துக்குரியோர் உண்டு, குற்றவாளி மட்டும் தீர்மானிக்கப்படவில்லை. ஆட்டக்காரர் கூடி ஒரு விளக்கத்தை உருவாக்கியபின் இரு பகடைகளை உருட்டுவர்; திரட்டிய துப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டி, வழக்கின் சிக்கலுக்குரிய எண்ணைக் கழிப்பர். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் விளக்கம் சரி. 7 முதல் 9 வரை வந்தால் சரி, ஆனால் இடர் ஒன்று தொடரும். அதற்குக் கீழ் தவறு. விதி எல்லோருக்கும் வெளிப்படை. இங்கே ஆட்டக்காரர் தம்மைப் புலனாய்வாளராக நம்பி ஏமாறுவதில்லை. துப்பறிகதை ஒன்றைக் கூடி எழுதுகிறோம் என்று அறிந்தே எழுதுகிறார். நிலைத்த விடை, திறந்த விடை ஆகிய இரண்டும் ஏற்புடைய மரபுகளே. ஒன்றன் பெயரால் மற்றொன்றை நடத்துவதுதான் பிழை. எந்த மரபு ஆடப்படுகிறது என்பதை முதல் அமர்வுக்கு முன்னரே ஒரு வரியில் சொல்லிவிட இயலும். வியப்புக்குரிய வகையில், பல குழுக்களில் அது சொல்லப்படுவதில்லை.

திரையும் சிறு குழுவும்

இணையவழி ஆட்டம் துப்பறிதலுக்குச் சில வசதிகளைத் தருகிறது. கிழிந்த பதிவேட்டின் அடித்தாளைப் படமாகவே அளிக்கலாம். ஆட்டக்காரர் அதை உருப்பெருக்கி அழுத்தத் தடங்களைத் தாமே படிப்பார். ஒருவர் மட்டும் கண்டதை அவருக்கு மட்டும் தனிச்செய்தியாக அனுப்பலாம். அதைப் பிறரிடம் எப்போது, எவ்வளவு சொல்வது என்பது அவர் முடிவு.

தீமைகள் நுண்ணியவை. மெய்நிகர் மேசையில் ஒரு பாத்திரத்துக்கு மட்டும் முகப்படம் தயாரித்திருந்தால், அவர் முக்கியமானவர் என்பதை ஆட்டக்காரர் உடனே உணர்வர். சுங்க அதிகாரிக்குப் படம் உண்டு, தச்சருக்கு இல்லை எனில் பாதித் துப்பு கொடுத்தாயிற்று. எல்லோருக்கும் படம் அல்லது எவருக்கும் இல்லை என்பதே பாதுகாப்பு. ஒரு வீட்டுக்கு மட்டும் கட்டமிட்ட நிலப்படம் விரிந்தால் அங்கே சண்டை நிகழும் எனக் கொள்வர். படக்கோப்பின் பெயரில் ‘கொலையாளி’ என்றிருந்து அது திரையில் தோன்றிவிடுவது, சொல்லும்போது நகைப்புக்குரியதாகப் படலாம். வாரக்கணக்கான உழைப்பு அதனோடு போகும். ஃபைன் கூறிய மூன்று சட்டகங்களோடு தளத்தின் இடைமுகம் நான்காவதாக வந்து சேர்கிறது. அது கதைக்கு வெளியே நின்று தானும் துப்பு உதிர்க்கிறது.

மௌனம் தனியே கருதத்தக்கது. மேசையைச் சுற்றி அமர்ந்தவர் பேசாதிருந்தால் அவர் சிந்திக்கிறாரா, சலிப்புற்றாரா என்பது முகத்தில் தெரியும். குரல்வழி அமர்வில் மௌனம் எதையும் சொல்லாது. ஒலிவாங்கி அணைந்திருக்கலாம், இணைப்பே அறுந்திருக்கலாம். மௌனத்தைத் தேக்கமென எண்ணிப் பதறும் நடத்துநர் குறிப்பு கொடுத்துவிடுவார், சிந்தனை அங்கேயே முறியும். குறிப்பு வேண்டும் பொழுதில் ஆட்டக்காரரே கேட்கலாம் என்னும் உடன்பாடு இருப்பின் அம்மௌனத்தைப் பொறுத்திருக்க இயலும்.

குழுவின் அளவும் கணக்கை மாற்றுகிறது. மேற்சொன்ன 55 விழுக்காட்டுத் திறனோடு நால்வர் ஒரே இடத்தைத் தேடினால் எவரேனும் ஒருவர் கண்டெடுக்கும் வாய்ப்பு 96 விழுக்காடு, இருவரெனில் 80. ஆனால் எண்களைவிட முக்கியமானது ஊகங்களின் எண்ணிக்கை. ஐவர் குழுவில் ஒருவரின் தவறான எண்ணத்தை மற்றொருவர் மறுப்பார். இருவர் குழுவில் இருவரும் உடன்பட்டுவிட்டால் மறுக்க ஆளில்லை. முதல் அரைமணியில் உருவான ஐயம் கடைசிவரை அவர்களை இழுத்துச் செல்லும். எனவே சிறு குழுவுக்குத் திசைதிருப்பும் பொய்த்துப்புகளை நடத்துநர் வைக்கவே வேண்டியதில்லை. அவற்றை ஆட்டக்காரர் தாமே போதிய அளவு உற்பத்தி செய்துகொள்வர். மறுப்பதற்கு ஒரு குரல் தேவையெனில் அதனைக் கதைக்குள்ளிருந்தே எழுப்பலாம்: காப்பாளரின் மகள் அவர்களிடம் வந்து, இதுவரை கண்டதைச் சொல்லுமாறு கேட்கலாம். அவளுக்கு விடை தெரியாது. சொல்லிச் செல்லும்போதே ஆட்டக்காரருக்குத் தம் வாதத்தின் ஓட்டை தென்பட்டுவிடும். நடத்துநர் எதையும் வெளிவிடாமல் செய்யக்கூடிய பேருதவி இது.

அமர்வுகளுக்கிடையே ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழிவதால், எல்லோரும் திறந்து எழுதக்கூடிய துப்பேடு ஒன்று இன்றியமையாதது. அதில் கண்டவற்றை நடத்துநரும் எழுதலாம். கருதியவற்றை ஆட்டக்காரர் மட்டுமே எழுத வேண்டும். ‘படியின் ஆப்பு புதரில் கிடந்தது’ என்பது முதல்வகை. ‘உதவியாளர்தான் பிடுங்கியிருப்பார்’ என்பது இரண்டாம் வகை. அது தவறென்று தெரிந்தும் நடத்துநர் அதில் கைவைத்தலாகாது.

தவறான விடை

முடிவில் ஆட்டக்காரர் உதவியாளரையே குற்றவாளி எனச் சுட்டிவிட்டால் என்ன செய்வது என்னும் வினா எஞ்சுகிறது. கனிவுள்ள நடத்துநர் இவ்விடத்தில் குறுக்கிட்டு, ‘உறுதியாகவா?’ என்று கேட்பார். அத்தொனியே விடையாகிவிடும். தவற இயலாத ஆட்டத்தில் சரியாகச் சொன்னதற்கும் மதிப்பில்லை என்பதால், தவறு தவறாகவே நடந்தேற இடம்தர வேண்டும். ஆயினும் தவறு கதையை மூடிவிடவும் கூடாது. அது கதையை வேறு திசையில் திறக்க வேண்டும்.

இதற்கு முன்னேற்பாடு தேவை. குற்றவாளி இனி என்ன செய்ய எண்ணுகிறார் என்பதை நடத்துநர் நாள்வாரியாக முன்னரே எழுதிவைத்திருப்பின், ஆட்டக்காரரின் தவறுக்குத் தண்டனை தேடி அலைய வேண்டியதில்லை. உலகம் தன்போக்கில் நகரும். உதவியாளர் சிறையில் இருக்கிறார். காப்பாளர் பணி காலியாக இருப்பதால் சுங்க அதிகாரி தமக்கு வேண்டிய ஒருவரை அங்கே அமர்த்துகிறார். பதினெட்டாம் நாள், நிலவில்லாத அடுத்த இரவில், விளக்கு மீண்டும் நள்ளிரவில் அணைகிறது. சிறையிலுள்ளவர் அதைச் செய்திருக்க முடியாது என்பதை ஆட்டக்காரரிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் துப்பேட்டைத் திறந்து, தாம் எழுதிய வரியை அடித்துவிட்டு, மீண்டும் படிக்கத் தொடங்குவர்.